காணாமற்போன ஒன்பது பை

அத்தியாயம் பதினாறு

கதிரைகளுக்கும் சட்டை போடுகிற காலம் இது. அந்தச் சட்டையின் நிறம் மணப்பெண்ணின் கூறையோடு பொருந்தவில்லையென்றால் ரொறன்ரோவிலிருந்து போன் வரும், அழுகையோடு வரும்.

பிரகலாதனும் உதயகலாவும் பிழைப்பது இந்த நிறப் பொருத்தத்தில்தான். சுன்னாகத்துக்கு அருகே, வெங்காயத் தோட்டங்களுக்கு நடுவில் அவர்களுடைய சாயக் கொட்டில். கதிரை உறை, மேசை விரிப்பு, மணவறைத் துணி எல்லாவற்றையும் கலியாணத்துக்குக் கலியாணம் புதிய நிறத்தில் தோய்த்து வாடகைக்குக் கொடுக்கிறார்கள்.

அந்தச் சாயத்தண்ணீர் பக்கத்துத் தோட்டத்துக்குள் ஓடி, ஊரே வேலிக்கு வந்து நின்று சண்டை பிடித்த கதையை முன்பே பார்த்தோம். அதைத் தீர்த்து வைத்தவள் உதயகலாவின் தங்கை தர்சிகா. இரசாயனம் படித்தவள்; ஓர் ஆய்வுகூடத்தில் வேலை. பின்வளவில் சீமெந்துத் தொட்டி கட்டுவித்து, சாயத்தண்ணீரை அமிலம் விட்டுப் புளிப்பாக்கி, அதற்குள் இரும்பு உப்பும் பெரொக்சைட்டும் விடப் பழக்கினாள். இரண்டும் சேர்ந்ததும் தொட்டி நுரைத்துக்கொண்டு எழும்பும். அரை மணித்தியாலத்தில் மெறூன் தண்ணீர் வெளிறித் தேத்தண்ணி நிறமாகும். பிறகு சுண்ணாம்பு விட்டால் மேலே தெளிந்த தண்ணீர், அடியில் சிவந்த சேறு. முதல் நாள் அதைப் பார்த்த பிரகலாதன் தொட்டியை நோக்கிக் கையெடுத்துக் கும்பிட்டதைச் சொல்லி தர்சிகா இன்றைக்கும் சிரிப்பாள்.

தீராமல் கிடந்தது மகள் வித்தியாவின் விடயம் ஒன்றுதான். பதினான்கு மாதங்களுக்கு முன் மயிலிட்டிக் கடற்றொழிலாளி கிறிஸ்ரோபரை அவள் விரும்பிக் கைப்பிடித்தாள். கமக்காரர் வீட்டுப் பெண் கடற்கரை வீட்டுக்கு, அதுவும் வேதக்கார வீட்டுக்கு! "அவளின்ரை வாசல்படி மிதிக்கமாட்டன். அவளோடை ஒரு சொல்லும் கதைக்கமாட்டன்" என்று அன்றைக்குச் சொன்னார் பிரகலாதன். சொன்னபடியே இருந்தார். உதயகலா குசினியில் நின்று மகளோடு போனில் கதைக்கும்போது, அவர் முன்னறையில் பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொண்டு இருப்பார்.

வித்தியாவுக்கு இப்போது ஏழு மாதம்.

*

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. உதயகலா குசினிக்குள் சுளகை வைத்துக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முன்பள்ளி ரீச்சர் ஜெசிதா போகிற வழியில் வேலிக்கு மேலால் நீட்டிவிட்டுப் போன கட்டு. "எங்கடை பிள்ளையளின்ரை தோட்டத்துக் கீரை அக்கா, கடைஞ்சு பாருங்கோ" என்றிருந்தாள். இலை ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். மத்தியானத்துக்கு இது போதும் என்று உதயகலா நினைத்தாள்.

தர்சிகாவின் ஸ்கூட்டர் வந்து நின்றது. ஹெல்மெற்றையும் கழற்றாமல் உள்ளே வந்தாள்.

"அக்கா, சேத்துப் பையள் எங்கை?"

"எங்கை போறது? கொட்டிலுக்குப் பின்னாலைதான். முதல் உந்தச் சட்டியைத் தலையாலை இறக்கு. தேத்தண்ணி வைக்கிறன்."

"தேத்தண்ணி வேண்டாம். எழும்பி வா."

தங்கையின் முகத்தைப் பார்த்ததும் உதயகலா சுளகைத் தள்ளிவிட்டு எழுந்தாள். தர்சிகா இப்படி முகம் வெளிறி நின்றதை அவள் பார்த்ததில்லை. சோதனை பெயிலான அன்றைக்கும் சிரித்துக்கொண்டு வந்தவள் அவள்.

"காய்ஞ்ச சேத்திலை கொஞ்சம் சோதிக்கக் குடுத்தனான் எல்லே? றிப்போட் வந்திட்டுது."

"தண்ணி கூடாதாமோ?"

"தண்ணியிலை ஒரு பிழையும் இல்லை. சேறுதான். போன ஆவணியிலை இருந்து நீங்கள் பாவிக்கிற மெறூன் சாயத்திலை உலோகம் கிடக்கு. குரோமியம், செம்பு. தொட்டியிலை சாயம் உடைஞ்சு போகும். உலோகம் எங்கை போறது? முழுக்கச் சேத்தோடை போய் இருந்திட்டுது. இருக்கலாம் எண்ட அளவிலையும் பாக்க நாப்பது மடங்கு."

நிறம் போய்விட்டால் எல்லாம் போய்விட்டது என்றுதான் இந்தப் பத்து மாதமும் உதயகலா நம்பியிருந்தாள்.

"பையைக் கட்டித்தானே வைச்சிருக்கிறம். பிறகென்ன?"

"அதைத்தான் பாக்க வந்தனான்."

கொட்டிலின் பின்சுவரில் தர்சிகா ஒவ்வொரு பைக்கும் ஒரு சோக்குக் கோடு போடச் சொல்லியிருந்தாள். பதினெட்டுக் கோடுகள். பழைய யூரியாப் பைகளில் காய்ந்த சேற்றைப் போட்டு வாய் கட்டிச் சுவரோரம் அடுக்கியிருந்தது. அக்காவும் தங்கையும் எண்ணினார்கள். திருப்பி எண்ணினார்கள்.

ஒன்பது பைதான் இருந்தது.

*

பிரகலாதன் கொட்டிலுக்குள் நின்றார். முழங்கை வரை மெறூன். ஈரச் சாட்டின் துணியை ஒரு கையிலும், மணப்பெண் அனுப்பிய கூறைப் படத்தைப் போனில் மறு கையிலும் பிடித்துக்கொண்டு, நிறம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், பின்னாலை ஒன்பது பை குறையுது" என்றாள் தர்சிகா.

"ஆரும் எடுத்திருப்பினம்."

"சேத்தை ஆர் எடுக்கிறது?" என்று கேட்டாள் உதயகலா.

அவர் துணியை வெளிச்சத்துக்குப் பிடித்தார். தர்சிகா றிப்போட்டில் இருந்ததை அவருக்கும் சொன்னாள். குரோமியம் என்றாள், நாற்பது மடங்கு என்றாள், கையாலும் தொடக்கூடாது என்றாள்.

"அது... பயிருக்குப் போட்டால்?" என்று மெல்லக் கேட்டார்.

"என்ன பயிருக்கு?"

"கீரைக்கு."

"ஐயோ அத்தான், கீரை மண்ணிலை கிடக்கிறதை எல்லாம் இழுக்கும். அதைச் சாப்பிட்டால்..."

துணி அவர் கையிலிருந்து நழுவிச் சீமெந்துத் தரையில் விழுந்தது. நாளைக்குக் கலியாணத்துக்குப் போக வேண்டிய துணி. ஒரு பொட்டுத் தூசி படவும் விடாத மனிதர், அதைக் குனிந்தும் பார்க்கவில்லை.

"மயிலிட்டிக்குக் குடுத்தனான்" என்றார்.

உதயகலா அவர் பக்கம் திரும்பினாள். பதினான்கு மாதமாக இந்த வீட்டில் அவர் வாயிலிருந்து வராத ஊர்ப்பெயர் அது.

"ஆருக்கு? வித்தியாவுக்கோ? நீங்களோ?"

"கேற்றடியிலை வைச்சிட்டு வந்திடுவன். விடியச் சந்தைக்குப் போறனெண்டு உனக்குச் சொல்லிப்போட்டு."

பிறகு அவர் தர்சிகாவைப் பார்த்துக் கதைத்தார். கோபமாக இல்லை, தப்புச் செய்த பிள்ளை ரீச்சருக்குச் சொல்வதைப் போலச் சொன்னார்.

"நீதான் பிள்ளை சொன்னனி. எங்கடை செம்மண் ஏன் சிவப்பெண்டு கேட்டன். இரும்பாலை எண்டனி. இந்தச் சேறும் இரும்புதானோ எண்டு கேட்டன். ஓம் எண்டனி. அவளுக்கு இரத்தம் காணாதாம். கிளினிக்கிலை குடுக்கிற இரும்புக் குளிசை போட்டால் சத்தி வருதாம், வயித்திலை தங்குதில்லையாம். அங்கை வெறும் கடல் மணல், ஒரு இலையும் முளைக்காது. இரும்பு மண்ணிலை வாற கீரையிலை இரும்பு கிடக்குமெண்டு நினைச்சிட்டன்."

தர்சிகா அவருக்குச் சொன்னது ஒன்றும் பொய்யில்லை. அதுதான் அவளைக் கொன்றது.

உதயகலாவோ அந்தப் பேப்பரை நினைத்தாள். ஒவ்வொரு பின்னேரமும் முகத்தை மறைத்த அந்தப் பேப்பர். அதற்குப் பின்னால் இருந்து இந்த மனிதர் மகளின் இரத்தம் எவ்வளவு, குளிசை ஒத்துக்கொள்கிறதா இல்லையா என்று ஒரு சொல் விடாமல் கேட்டிருக்கிறார். அழுவதா, அடிப்பதா என்று அவளுக்குத் தெரியவில்லை. போன கிழமை வித்தியா சொன்னது ஞாபகம் வந்தது. "கீரை நல்லாய் வருதம்மா. ஒரு நாளும் விடாமல் சாப்பிடுறன்." அப்போது அவள் சந்தோஷப்பட்டிருந்தாள்.

அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது.

"உங்களுக்குக் கண்ணில்லையோ? ஒரு காலத்திலை வெங்காயம் செய்த மனிசன்தானே நீங்கள்? மண் எது, கழிவு எது எண்டு பாக்காமல் பையைத் தூக்கிக் குடுக்கிறதோ? பெத்த பிள்ளைக்கு!"

உதயகலா வித்தியாவின் இலக்கத்தை அழுத்தினாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இன்னொரு முறையும் அப்படித்தான்.

"மோட்டச்சைக்கிளை எடுங்கோ" என்றாள்.

*

மோட்டச்சைக்கிள் தெல்லிப்பழை தாண்டி ஓடியது. தர்சிகா ஸ்கூட்டரில் பின்னால் வந்தாள். உதயகலா கணவனின் சேட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். சேட்டு முதுகு முழுக்க நனைந்திருந்தது.

கடல்காற்று முகத்தில் அடித்ததும் அவர் வேகத்தைக் குறைத்தார். வழி கேட்காமல், இரண்டு ஒழுங்கை திரும்பி, நீலக் கேற் போட்ட புது வீட்டின் முன் நிறுத்தினார். தாய்க்குத் தெரியாத வீட்டு வழி தகப்பனுக்குத் தெரிந்திருந்தது.

முற்றத்தில் பாத்தி. கடற்கரை மணலுக்கு நடுவே செக்கச் செவேலென்று நீட்டி வெட்டிய பாத்தி. அதில் கீரை முழங்கால் உயரத்துக்குத் தளதளவென்று நின்றது. பார்த்தவர் கண்படும் வளர்த்தி.

கிறிஸ்ரோபரின் தாய் செபஸ்தியம்மா வாசலுக்கு வந்தாள். வந்திருப்பவர்கள் யார் என்று விளங்க அவளுக்கு ஒரு கணம் பிடித்தது.

"மாதாவே! சம்பந்தி! வாங்கோ, வாங்கோ. பிள்ளை, இஞ்சை ஓடிவா, ஆர் வந்திருக்கினம் எண்டு பார். ஓடாதை, ஓடாதை, மெல்ல வா!"

வித்தியா வந்தாள். வயிற்றைக் கையால் தாங்கிக்கொண்டு வந்தவள், தகப்பனைக் கண்டதும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். முகம் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தது.

"அம்மா... அப்பாவும்?"

தர்சிகா அக்காவைப் பார்த்தாள். அக்கா கணவனைப் பார்த்தாள். யார் முதலில் சொல்வது? அதற்குள் செபஸ்தியம்மா பாயை உதறி விரித்துவிட்டாள்.

"வள்ளம் இன்னும் வரேல்லை, மகன் வாறதுக்குள்ளை நீங்கள் சாப்பிடுங்கோ. வந்த முதல் நாள் வெறும் வயித்தோடை இருக்கக் கூடாது. இப்பத்தான் இறக்கினனான், சுடச்சுடக் கிடக்கு."

"இல்லை அக்கா, ஒரு விசயம்..." என்று தொடங்கினாள் உதயகலா. யார் காதில் விழுந்தது? சாப்பாட்டுக் கோப்பைகள் வந்தன, சோறு வந்தது, பாரைமீன் குழம்பு வந்தது. கடைசியாக வித்தியா ஒரு சட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்தாள். கீரைக் கடையல்.

"அப்பா, இது எங்கடை பாத்திக் கீரை" என்று சொல்லிவிட்டு, சிரித்தபடி அகப்பையால் தன் கோப்பையில் போட்டு, ஒரு பிடி சோற்றோடு குழைத்து வாய்க்குக் கொண்டு போனாள்.

"சாப்பிடாதை!"

பிரகலாதன் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பதினான்கு மாதத்துக்குப் பிறகு மகளோடு அவர் பேசிய முதல் சொல் அதுதான்.

சோறு பாயில் சிந்தியது. செபஸ்தியம்மாவின் முகத்திலிருந்து சிரிப்பு வடிந்ததை உதயகலா கண்ணால் பார்த்தாள். செபஸ்தியம்மா மெல்லக் கரண்டியைக் கீழே வைத்தாள்.

"எங்கடை வீட்டுச் சாப்பாடு உங்களுக்கு ஆகாதெண்டால் சொல்லியிருக்கலாம். நான் கோவிக்கமாட்டன், கேட்டுப் பழகின கதைதான். அவள் இப்ப என்ரை பிள்ளையும்தான். அவள் சாப்பிடுற கையைப் பிடிக்காதேங்கோ."

இந்த வீட்டில் ஒரு வாய் சாப்பிட மறுப்பதற்கு ஊரில் ஓர் அர்த்தம்தான் உண்டு. அந்த அர்த்தம் இப்போது பாயின் நடுவில் வந்து குந்திக்கொண்டது. பதினான்கு மாதத்துக்கு முன்னால் என்றால் அது உண்மையாகவும் இருந்திருக்கும்.

பிரகலாதன் மகளின் கையை விட்டார். பாயில் சப்பாணி கட்டி இருந்தார். மெறூன் ஊறிய கையைத் தண்ணீர் விட்டுக் கழுவினார். நிறம் போகவில்லை, ஈரம்தான் மிச்சம். கோப்பையை இழுத்துத் தன் முன்னால் வைத்தார்.

"அக்கா, எனக்குச் சோறு போடுங்கோ. குழம்பு விடுங்கோ. கீரை மட்டும் வேண்டாம். அதை ஒருத்தரும் சாப்பிடக் கூடாது. அந்த மண் நான் கொண்டு வந்தது. அதிலை நஞ்சு கிடக்காம். எனக்குத் தெரியாமல் போச்சு."

செபஸ்தியம்மா கரண்டியைத் திருப்பி எடுத்துச் சோறு போட்டு, குழம்பு விட்டாள். வித்தியாதான் முதலில் பேசினாள்.

"நீங்கள்தான் கொண்டு வாறியள் எண்டு எனக்குத் தெரியும் அப்பா. வெங்காயப் பிடி கட்டுற முடிச்சுத்தானே போட்டிருந்தியள். வேறை ஆர் யூரியாப் பைக்கு அப்பிடிக் கட்டுறது? அதாலைதான்..." அவள் கீரைச் சட்டியைப் பார்த்தாள். "அதாலைதான் ஒரு நாளும் விடாமல் சாப்பிட்டனான். அஞ்சு மாசமாய்."

அவள் கை தன்பாட்டில் வயிற்றுக்குப் போனது. பிரகலாதன் சோற்றைப் பிசைந்து ஒரு வாய் வைத்தார். கண்ணீர் கோப்பைக்குள் விழுந்தது. தன் கணவன் அழுது உதயகலா பார்த்தது மாமியார் செத்த அன்றைக்கு. அதற்குப் பிறகு இன்றைக்குத்தான்.

தர்சிகா வித்தியாவுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள்.

"இஞ்சை பார், நான் பொய் சொல்லமாட்டன். கீரை எவ்வளவை இழுத்ததெண்டு எனக்குத் தெரியாது. ஒண்டும் இல்லாமலும் இருக்கலாம். இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போறம். இரத்தம் குடுக்கிறம், ஸ்கான் பண்ணுறம், இந்த றிப்போட்டையும் டொக்டரிட்டைக் காட்டுறம். கீரையும் மண்ணும் கொஞ்சம் நான் எடுத்துக்கொண்டு போறன். மிச்சத்தை வேரோடை பிடுங்கிப் பையிலை கட்ட வேணும்."

"பிள்ளை துடிக்குது சித்தி" என்றாள் வித்தியா. "இப்பவும் துடிக்குது."

செபஸ்தியம்மா கீரைச் சட்டியைத் தூக்கினாள். கொல்லைப் பக்கம் போனவள், ஊற்ற இடமில்லாமல் திரும்பி வந்து, மூடியைப் போட்டு மூலையில் வைத்தாள். பிறகு பிரகலாதனின் கோப்பையில் ஒரு மீன் துண்டை வைத்தாள்.

"சாப்பிடுங்கோ, அண்ணை. சாப்பிட்டிட்டு எல்லாரும் ஒண்டாய்ப் போவம்."

*

தர்சிகா முற்றத்துக்கு இறங்கினாள். வேலியோரம் வெற்று யூரியாப் பைகளை மடித்துக் கல் வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றாக விரித்து எண்ணினாள்.

"அத்தான், இஞ்சை ஆறுதான் கிடக்கு."

"ஆறுதானே கொண்டு வந்தனான்" என்றார் பிரகலாதன் உள்ளே இருந்து.

"ஒன்பதெல்லே குறையுது?"

"பிள்ளையாராணை ஆறு. நான் ஏன் இனிப் பொய் சொல்லுறன்?"

"அப்ப மூண்டு?"

உதயகலா வாசற்படியில் நின்றாள். மாசி மாதம் ஒரு பின்னேரம் அவளுக்கு ஞாபகம் வந்தது. அவள் தையல் மெசினில் இருந்து கதிரை உறைக்கு லேஸ் வைத்துக்கொண்டிருந்தாள். தள்ளுவண்டிலோடு ஒருத்தி வந்து, "அக்கா, கொஞ்சம் செம்மண் தருவியளோ? பிள்ளையளுக்குத் தோட்டம் போடப் போறம்" என்று கேட்டாள். தைத்த துணியை விட்டு எழும்ப மனமில்லாமல், இருந்த இடத்திலிருந்தே கையைக் காட்டி, "தொட்டி வெட்டின மண் கொட்டிலுக்குப் பின்னாலை பையிலை கிடக்கு, எடுங்கோ ரீச்சர்" என்று சொன்னவள் அவள்தான்.

முன்பள்ளியில் முப்பத்திரண்டு பிள்ளைகள். தினமும் காலையில் அந்தத் தோட்டத்துக் கீரையில் இலைக்கஞ்சி.

"இஞ்சருங்கோ" என்றாள். "இஞ்சருங்கோ, தொட்டி வெட்டேக்கை வந்த செம்மண்ணைப் பையிலை கட்டி வைச்சியள் எல்லே? அது இன்னும் பின்னாலை கிடக்குத்தானே?"

"அது ஐப்பசியிலையே முடிஞ்சுதே. வாழைக்குப் போட்டாச்சு. ஏன் கலா?"

காலையில் ஆய்ந்த கீரை குசினியில் சுளகோடு கிடக்கிறது. உள்ளங்கை அகலத்தில் இலை. அப்படி வளர்ந்த கீரையை இந்த முற்றத்திலும் பார்த்தும் அவளுக்கு உறைக்கவில்லை.

"மற்ற மூண்டும் நான் குடுத்தனான்" என்றாள்.

பிரகலாதன் சோற்றில் வைத்த கையை எடுக்காமல் அவளை நிமிர்ந்து பார்த்தார். "கண்ணில்லையோ?" என்று காலையில் அவள் கேட்ட கேள்வியை அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது என்று இருந்தது அவளுக்கு.

அவள் போனை எடுத்து இலக்கத்தை அழுத்தினாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டாள் ஜெசிதா. பின்னால் பிள்ளைகள் கத்தி விளையாடுகிற சத்தம்.

"சொல்லுங்கோ அக்கா" என்றாள் உற்சாகமாக. "கீரை எப்பிடி, நல்லாயிருந்ததோ?"